அடியிலிருந்து நாலு விரல்

புதன்கிழமை காலை ஃப்ளோரா கேட்டைத் திறந்தபோது வாசலில் ஒரு செருப்புகூட இல்லை.

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் போகும் அந்தச் சந்தில் எம்எல்ஏ வீடு எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. செருப்பு குவிந்து கிடக்கிற வீடு. ஆறரை மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும், ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டும், விதவைப் பென்ஷன் மூன்று மாதமாக வரவில்லை, ஆதாரில் தெருப் பேர் தப்பாக விழுந்துவிட்டது. யார் எதற்கு வந்தாலும் கையில் ஒரு கடிதத்தோடுதான் திரும்புவார்கள். ஒன்பது வருடத்தில், அவள் புருஷன் அருள்பிரகாசம் ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாசல் வெறுமையாக இருந்ததில்லை.

யாரோ பெரிய ஆள் செத்துப்போய்விட்டார் என்றுதான் ஃப்ளோரா முதலில் நினைத்தாள். எதிர்வீட்டு சாரா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் என்கிற மாதிரி வானம் இருந்தது. யாருக்கு என்ன ஆச்சு என்று ஃப்ளோரா கேட்கப் போகும் முன்பே சாரா உள்ளே போய்விட்டாள். பாதித் துணி கொடியிலேயே கிடந்தது.

எட்டு மணிக்கு ஜெயக்கொடி வந்தாள். எண்ணூர்ப் பக்கம் நண்டுமேட்டுக் குப்பத்துக்காரி. அவள் வீட்டு ஆட்கள் வலை போடுகிறவர்கள் இல்லை. ஆற்று முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட, ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் அந்தக் குடும்பத்தில் வேலை நேரத்தில் யாரும் பேச முடியாது. அதற்கெல்லாம் சேர்த்து ஜெயக்கொடி கரையில் பேசுவாள். ஷேர் ஆட்டோவில் அன்னக்கூடையோடு வந்து, நாளின் முதல் போணியை ஃப்ளோரா கையால் செய்துகொண்டு, ஒரு காபி குடித்துவிட்டுத்தான் தெருவில் கூவப் போவாள். அந்தக் கை ராசி என்று அவளுக்கு நம்பிக்கை. பதினோரு வருடப் பழக்கம்.

அன்றைக்குக் கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"இன்னா ஜெயக்கொடி, அங்கயே நின்னுகினுகீற? உள்ள வா."

"இருக்கட்டும்க்கா. போணி ஆயிடுச்சி."

"ஆயிடுச்சா? எங்க?"

"வர்ற வழில. யாரோ ஒரு ஆளுக்கு."

ஃப்ளோராவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டாள். ஜெயக்கொடி நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். நேற்று எண்ணூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்திருக்கிறது. முகத்துவாரத்து ஓரம் மண் கொட்டி மேடாக்கி, கன்டெய்னர் அடுக்கும் இடமும் அதற்கு ஒரு ரோடும் போட ஒரு கம்பெனி கேட்கிறது. இறால் இருக்கிற சேறு மொத்தமும் அதற்குள் போய்விடும். குப்பத்து ஆட்கள் ஒவ்வொருவராக மைக்கில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி முடித்ததும், மேடையிலிருந்த அதிகாரி ஒரு கடிதத்தை எடுத்துப் படித்தாராம். எம்எல்ஏ கொடுத்த கடிதம்.

"'மீனவ மக்கள் முழு மனசோட சம்மதிக்கிறாங்க'ன்னு எழுதிக்கீதாம்க்கா. என் மனசு முழுசா கீதா பாதியா கீதான்னு உங்க வூட்டுக்காரரு எப்போ வந்து பாத்தாரு?"

போனில் ஒரு படம் காட்டினாள். யாரோ தூரத்திலிருந்து எடுத்தது. அதிகாரியின் கட்டைவிரலும், காகிதத்தின் மேல்பாதியும். கோபுர முத்திரை, அருள்பிரகாசத்தின் பேர், செப்டம்பர் பன்னிரண்டு என்று தேதி. இந்த வீட்டு லெட்டர் பேடுதான். ஆனால் டைப் அடித்திருந்தது. இந்த வீட்டில் யாரும் டைப் அடிப்பதில்லை. எல்லாக் கடிதமும் ஃப்ளோராவின் கையெழுத்து.

"இது நான் எழுதுனது இல்ல, ஜெயக்கொடி."

"நீ எழுதலன்னா அவுரு எழுதுனாரு. அவுரு எழுதலன்னா நீ எழுதுன. எங்களுக்கு ரெண்டும் ஒரே வூடுதான்க்கா" என்று சொல்லிவிட்டு அவள் கூவாமலே சந்தைத் தாண்டிப் போனாள்.

*

அருள்பிரகாசம் எம்எல்ஏ ஆன கதையைத் துறைமுகத்துப் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் டாலி கிளார்க்காகச் சேர்ந்தவர். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்க எண்ணிக் கோடு போடுகிற வேலை. நான்கு கோடு நிற்க வைத்து, ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். கப்பல்காரன் ஒரு பக்கம் எண்ணுவான், கரைக்காரன் ஒரு பக்கம் எண்ணுவான். இரண்டும் ஒத்தால்தான் கையெழுத்து.

ஒருமுறை பதினோரு மூட்டை குறைந்துபோக, இறக்கிய ஆட்கள்தான் திருடினார்கள் என்று ஏஜெண்டு போலீசைக் கூப்பிட்டுவிட்டான். ஏழு பேரை ஷெட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். அருள்பிரகாசம் தன் சீட்டை நீட்டி, மூட்டை கப்பலிலேயே குறைவு, என் கோட்டில் தப்பு இருந்தால் என்னை முதலில் ஏற்றுங்கள் என்று வண்டிக்கு முன்னால் நின்றார். சரக்கு ஏற்றின ஊருக்கு ஆள் விட்டுக் கேட்டு, அது உண்மை என்று தெரிய மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் நின்றார். அதிலிருந்து யூனியன், யூனியனிலிருந்து கட்சி, வட்டச் செயலாளர், கவுன்சிலர். முதல் தடவை எம்எல்ஏவுக்கு நின்று எண்ணூறு சொச்சம் ஓட்டில் தோற்றார். அடுத்த இரண்டு தடவையும் ஜெயித்தார். சுவரில் எழுதும்போது பேருக்கு முன்னால் 'எண்ணிக்கை தப்பாத' என்று சேர்த்துத்தான் எழுதுவார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருவர் ரஷீதின் அப்பா. ரஷீது இருபத்திரண்டு வருடமாக அருள்பிரகாசத்தோடு இருக்கிறான். தோற்ற வருடம் கல்லடி பட்டதும் அவன்தான், ஜெயித்த வருடம் மாலைகளைச் சுமந்ததும் அவன்தான்.

கடிதம் கொடுக்கிற ஏற்பாடு இப்படி. சட்டமன்றம், தலைமைச் செயலகம், கல்யாணம், சாவு என்று அருள்பிரகாசம் அலைகிறவர். வந்த ஜனத்தை நாளைக்கு வா என்று சொல்லக் கூடாது. அதனால் சனிக்கிழமை நாஸ்தா ஆனதும் உட்கார்ந்து, லெட்டர் பேடில் முப்பது நாற்பது தாளில் வெறுமையாகக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். வாரம் முழுவதும் ஃப்ளோரா அதில் எழுதிக் கொடுப்பாள். கையெழுத்து எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இடது கையின் நாலு விரலைத் தாளின் அடி விளிம்பில் படுக்க வைப்பார். அதற்கு மேலே கையெழுத்து. அப்போதுதான் எவ்வளவு நீளக் கடிதமானாலும் இடம் இருக்கும். கடிதம் குட்டையாகப் போனால், எழுதின கடைசி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே ஃப்ளோரா சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடுவாள். அதுவும் துறைமுகத்துப் பாடம்தான். வெற்று இடம் திருடனுக்குத் திறந்த கதவு என்பார் அவர்.

தாள்கள் இருப்பது ஃப்ளோராவின் மர பீரோவில். சாவி இரண்டு. ஒன்று அவள் இடுப்பில். அவள் இல்லாத நேரத்துக்கு இன்னொன்று ரஷீதிடம்.

*

மதியம் அருள்பிரகாசம் வந்தார். முகம் கழுவி, மேஜைக்கு வந்து தட்டைப் பார்த்தார். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு.

"இறாலு வரலையா?"

"வந்துச்சி. இங்க எறங்கல."

அவர் சோற்றைப் பிசைந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று ஃப்ளோராவுக்குப் புரிந்தது. இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு அவரே ஆரம்பித்தார். தலைவர் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டதாம். வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றுகிறதாம்.

"கையெழுத்து என்துதான். எழுத்து என்து இல்ல. எவனோ வெத்துப் பேப்பரை எட்து அடிச்சிகீறான்."

"எங்கருந்து எட்த்தான்?"

"கையெழுத்துப் போட்ட வெத்துப் பேப்பரு இந்த ஊர்ல ஒரே எடத்துலதான் கீது. உன் பீரோவுல. சாவி ஒன்னு உன் இடுப்புல கீது. இன்னொன்னு யார்கிட்ட கீது?"

"ரஷீதுகிட்ட."

"நான் ஒன்னும் சொல்லல. நீதான் பேரைச் சொன்ன" என்றார் அவர்.

அப்புறம் மோர் கேட்டார். வக்கீல் ஒரு புகார் எழுதுவார் என்றும், பீரோ இவளுடையது என்பதால் இவள் ஒரு வாக்குமூலம் கொடுத்தால்தான் அது நிற்கும் என்றும் சொன்னார். 'ரஷீது வசம் சாவி இருந்தது, எனக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்' என்று இரண்டு வரி. இவள் கையெழுத்துப் போட்டால் ரஷீது உள்ளே போவான். போடாவிட்டால் தொகுதி முழுக்க இவர் குப்பத்தை விற்றவர் ஆவார். அடுத்த சித்திரையில் தேர்தல்.

அவர் படுக்கப் போனதும் ஃப்ளோரா பாத்திரத்தைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். சந்தேகம் என்பது மழைத் தண்ணீர் மாதிரிதான், ஒரு சின்ன விரிசல் போதும் அதற்கு. ரஷீது ஒரு மாதமாகப் போன் வந்தால் சந்துக்குப் போய்ப் பேசுகிறான். மகள் ஃபராவுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, எப்படிக் கிடைத்தது? போன வாரம் தான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பீரோவை அவன்தானே திறந்தான்? இப்படி ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. மூன்று மணிக்கெல்லாம் அவன்தான் என்று அவளுக்கே நிச்சயமாகிவிட்டது.

ஆனாலும் எண்ணிப் பார்த்தாள். யார் பேருக்கு என்ன கடிதம் என்று அவளிடம் ஒரு நோட்டு உண்டு. ஆகஸ்ட் கடைசியில், வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தன்றுதான் புதுக் கட்டு பிரித்தது. அன்றிலிருந்து அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது இருநூற்றைம்பது தாள். கொடுத்த கடிதம் இருநூற்றுப் பதினெட்டு. எழுதும்போது பிழையாகிக் கிழித்து உறையில் போட்டு வைத்தது பதின்மூன்று. பீரோவில் மீதி பத்தொன்பது. ஒரு தாள் குறையவில்லை. ஃபராவின் கல்லூரிக் கடிதமும் அந்த நோட்டிலேயே இருந்தது. இவளே எழுதி, இவளே மறந்துபோன கடிதம்.

அவர் தூங்கி எழுந்து வந்ததும் சொன்னாள்.

"எண்ணிட்டேன். பத்தொன்பது கீது. எல்லாம் சரியா வருது."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "நீ எண்ணுனது தப்பா இருக்கும்" என்றார்.

முப்பத்துநாலு வருடத்தில் அவர் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு எண்ணக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். ஃப்ளோரா இன்னும் இரண்டு முறை எண்ணினாள். இரண்டு முறையும் அதே பத்தொன்பது. மூன்றாவது முறை எண்ணி முடித்தபோது அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. யாருக்காவது எழுதாமல் கொடுத்திருப்பேனோ? பேச்சு வாக்கில் யார் கையிலாவது ஒரு தாளை வைத்திருப்பேனோ?

*

வியாழக்கிழமை ரஷீது வழக்கம்போல வந்தான். பேப்பரையும் ஃப்ளோராவின் பிரஷர் மாத்திரையையும் மேஜையில் வைத்தான். வழக்கமாக உள்நாற்காலியில் உட்காருகிறவன், அன்றைக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. மழை பிடித்திருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்று ஹாரன் அடிக்கிற சத்தம் சந்து வரைக்கும் கேட்டது.

ஃப்ளோராவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"ரஷீது, நீ எட்த்தியா?"

அவன் சட்டைப்பையைத் தடவினான். "அண்ணன் இன்னா சொன்னாரு அண்ணி?" என்றான்.

"நான் உன்னைக் கேக்கறேன்."

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சாவியை எடுத்துப் பேப்பர் மேல் வைத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போனான். குடை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

எடுக்காதவன் கத்துவான். அடித்துச் சத்தியம் செய்வான். இவன் சாவியை வைத்துவிட்டுப் போகிறான் என்றால் என்ன அர்த்தம்? ஃப்ளோரா அன்று முழுக்க அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் சோறு போட்ட கைக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடலாம் என்று அன்று ராத்திரி ஜெபம் சொல்லும்போதே முடிவு செய்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, ஆண்கள் தொழுகைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, ரஷீதின் மனைவி ஷம்ஷாத் வந்தாள். புர்கா ஓரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. தண்டையார்பேட்டையிலிருந்து தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்ததைக் குடிக்கவில்லை. புருஷனுக்காகக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்து, தானும் என்ன செய்ய முடியும் என்று ஃப்ளோரா ஆரம்பித்தாள். ஷம்ஷாத் அவளைப் பேச விடவில்லை.

"அண்ணி, சாவி ரெண்டு கீதுன்னு ஊருக்கே தெரியும். ஒன்னு எங்க வூட்டுக்காரருகிட்ட இருந்திச்சி, அதுக்கு அவரைத் திருடன்றீங்க. இன்னொன்னு யார்கிட்ட கீதுன்னு யாரும் ஏன் கேக்கல?"

ஃப்ளோராவின் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. இந்த மூன்று நாளில் எதிர்வீட்டு சாரா ஏன் முகத்தைத் திருப்பினாள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஊர் ரஷீதைச் சந்தேகப்படவில்லை. இவளைத்தான்.

"நான் எட்க்கல ஷம்ஷாத்" என்றாள். தன் குரல் தனக்கே நம்பும்படியாக இல்லை.

"அவுரும் எட்க்கல. வாயத் தொறந்து சொல்லவும் மாட்டேன்றாரு. நேத்து எண்ணூரு போயி அந்த லெட்டரை ஜெராக்ஸ் எட்துகினு வந்தாரு. பாயில விரிச்சி வச்சி, கையை வச்சிப் பாத்தாரு. அப்பால மடிச்சி வச்சிட்டு சாப்பாடு வாணாம்ன்ட்டாரு. ஒரு பேச்சு இல்ல."

"கையை எப்டி வச்சாரு?"

ஷம்ஷாத்துக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கைப்பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து, மேஜையில் விரித்து, தாளின் அடியில் நாலு விரலைப் படுக்க வைத்துக் காட்டினாள். "இந்த மாதிரி."

ஃப்ளோரா முழுத் தாளையும் அப்போதுதான் பார்த்தாள். டைப் அடித்த பதினோரு வரி. பதினோராவது வரியை ஒட்டினாற்போல், நடுத்தாளில், அருள்பிரகாசத்தின் கையெழுத்து. அதற்குக் கீழே பாதிக்கு மேல் வெள்ளை. ஷம்ஷாத்தின் விரல்களுக்கு மேல் தன் நாலு விரலை வைத்தாள்.  கையெழுத்து அப்போதும் எட்டவில்லை. வெறுந்தாளில் போட்ட கையெழுத்து எங்கே விழும் என்று அவளுக்குத் தெரியும். இது எழுத்து வந்த பிறகு, எழுத்தைப் பார்த்து, எழுத்துக்கு அடியில் போட்ட கையெழுத்து. இந்த வீட்டு பீரோவைப் பார்த்தே இருக்காத தாள்.

"உன் வூட்டுக்காரரு எட்க்கல" என்றாள்.

"அப்போ யாரு?"

ஃப்ளோரா நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். சுவரில் மாலை போட்ட தலைவர்கள் படத்துக்குப் பக்கத்தில், சட்டமன்றத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியில் நிற்கிற அருள்பிரகாசத்தின் படம் இருந்தது. ஷம்ஷாத் அதைப் பார்த்தாள். அவளும் புத்திசாலிதான்.

"தெரிஞ்சிகினுதான் பேசாம கீறாரா?" என்றாள் மெதுவாக. "எங்க மாமனாரு சாவற வரைக்கும் ஒரே பேச்சுதான் அண்ணி. அந்த மனுசன் எண்ணுனதாலதான் நான் ஜெயிலுக்குப் போவலன்னு. அதைக் கேட்டுக் கேட்டு வளந்த ஆளு இவரு. இப்போ அந்தக் கடனைக் கழிக்கறாரு போல கீது."

தண்ணீரை எடுத்துக் குடித்தாள். ஜெராக்ஸை விட்டுவிட்டுப் போனாள்.

*

வக்கீல் சாயந்திரம் வந்து வாக்குமூலத்தை வைத்துவிட்டு, நாளை பத்து மணிக்கு வருகிறேன் என்று போனார். அருள்பிரகாசம் ஈஸிசேரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஃப்ளோரா மேஜை மேல் ஜெராக்ஸை விரித்தாள். அதன் அடியில் நாலு விரலை வைத்தாள்.

அவர் முதலில் தாளைப் பார்த்தார். பிறகு விரல்களைப் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடினார்.

"மாவட்டம் கூப்ட்டு முன்னாடி வச்சாரு" என்றார். மாவட்டச் செயலாளரைக் கட்சியில் அப்படித்தான் சொல்வார்கள். "அவுங்களே அடிச்சிகினு வந்துட்டாங்க. போடலன்னா இந்த தபா சீட்டு இல்ல."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"முழு மனசோடன்னு கீதே, அதையும் படிச்சியா?"

அவர் ரஷீதைப் பற்றி ஆரம்பித்தார். அவனுக்கு ஒன்றும் ஆகாது, பத்து நாளில் ஜாமீன், பிறகு கேஸ் அப்படியே படுத்துவிடும், தேர்தல் முடிந்ததும் அவனுக்கு வாரியத்தில் ஏதாவது ஒரு பொறுப்பு வாங்கிக் கொடுக்கலாம் என்று நீளமாகச் சொன்னார். மேடையில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டிருந்தது.

"அவன் இன்னா, வேத்து ஆளா?" என்று முடித்தார்.

"வேத்து ஆளா இருந்தா கத்தியிருப்பான்" என்றாள் ஃப்ளோரா.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பீரோவில் மீதி இருக்கிற தாள்களைக் கொண்டு வா, வக்கீல் கேட்டிருக்கிறார், சாட்சிக்கு வேண்டும் என்றார். அவள் எழுந்து போய், பீரோவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். தாள் கட்டை அவர் மடியில் வைத்தாள்.

பழைய பழக்கம். அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு எண்ணினார். உதடு அசையாமல், வேகமாக. எண்ணி முடித்து நிமிர்ந்தார்.

"பதினெட்டுதான் கீது. பத்தொன்பதுன்ன?"

"நான் எண்ணுனது தப்பா இருக்கும்" என்றாள் ஃப்ளோரா. "நீதான சொன்ன."

அவர் அவளையே பார்த்தார். குறைந்த ஒன்று எங்கே என்று கேட்டால், அவள் எண்ணிக்கை சரி என்று ஆகிவிடும். அவள் எண்ணிக்கை சரி என்றால் வக்கீல் கொண்டுவந்த வாக்குமூலம் பொய் என்று ஆகிவிடும். எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டுத்தான் அவர் அரசியலில் அந்த இடத்துக்கு வந்திருந்தார். இந்த ஒருத்தியைச் சந்தேகப்பட அன்றைக்கு வரை அவருக்குத் தேவை வரவில்லை. தாள் கட்டை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். அவள் விளக்குப் போட்டுவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

*

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. அருள்பிரகாசம் நாஸ்தாவுக்கு உட்காரவில்லை. மாவட்டம் கூப்பிட்டார் என்று ஏழு மணிக்கே காரில் ஏறிவிட்டார். ஏறும் முன்பு பீரோவை ஒருமுறை பார்த்தார், ஃப்ளோராவின் இடுப்பை ஒருமுறை பார்த்தார், போனார். அன்று அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஃப்ளோரா ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். எப்போதும் எழுதுகிற அதே பேனாவால், அதே குண்டுகுண்டான எழுத்தில் எழுதினாள். கூட்டத்தில் படிக்கப்பட்ட கடிதத்தில் இருப்பது என் கையெழுத்துதான். நண்டுமேட்டுக் குப்பத்து மக்களை நான் கேட்கவில்லை. அவர்கள் சம்மதம் என்று எழுதியது பொய். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இதில் என் உதவியாளர் ரஷீதுக்கோ மற்ற எவருக்கோ பங்கில்லை. ஆறு வரிக்குள் அடங்கிவிட்டது. கடைசி வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் ஸ்கேல் வைத்துச் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். நோட்டில் இருநூற்றுப் பத்தொன்பது என்று போட்டு, நண்டுமேட்டுக் குப்பம் என்று எழுதினாள். அதே ஸ்கேலால், வக்கீல் வைத்துவிட்டுப் போன வாக்குமூலத்திலும் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரு கோடு இழுத்தாள்.

ஜெயக்கொடிக்கு விடியும் முன்பே போன் போட்டிருந்தாள். அவள் எட்டு மணிக்கு வந்தாள். கூடை தலையில்தான் இருந்தது. இன்றைக்கும் கேட்டுக்கு வெளியேதான் நின்றாள். ஃப்ளோரா வெளியே போய்த் தாளை நீட்டினாள்.

ஜெயக்கொடிக்குப் படிக்கத் தெரியும். உதட்டை அசைத்து மெதுவாகப் படித்தாள். இரண்டாவது முறை படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் புருஷன் பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு அந்த நேரம் சேற்றைத் துழாவிக்கொண்டிருப்பான்.

"இதுவும் இன்னொரு டகுலு இல்லியே?" என்றாள்.

"இல்ல."

"எழுத்து உன் எழுத்தா கீது."

"என் எழுத்துதான்."

ஜெயக்கொடி தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். கூடையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தரையில் இறக்கினாள். மேலே மூடியிருந்த ஈரத் துணியை எடுத்தாள். இறால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அவள் கண்ணிலிருந்து சந்தேகம் போகவில்லை.

"யக்கா, நெசத்தைச் சொல்லு. இதுல அவுரு கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டாரு" என்றாள் ஃப்ளோரா. "போன சனிக்கிழமையே போட்டாரு."